வெட்டுப்புள்ளிக்கு முந்திய பொன்னாடை

வட்டகொடை ஸ்டேசனில் இறங்கி, கடைத்தெருவைத் தாண்டி மேலே ஏறினால் மூங்கிலோடைத் தோட்டம். அங்கே போய் நல்லமுத்து வீடு எது என்று கேட்டுப் பாருங்கள். "எந்த நல்லமுத்து? டொக்டர் அப்பாவா?" என்று திருப்பிக் கேட்பார்கள். அப்படித் திருப்பிக் கேட்கிறவர் முகத்தில் லேசாக ஒரு சிரிப்பு இருக்கும். அந்தச் சிரிப்புக்குக் காரணம் இருக்கிறது.

டொக்டர் அப்பா ஆவதற்கு முன்னால் நல்லமுத்து வெறும் நல்லமுத்துவாகத்தான் இருந்தார். ஸ்டோரில் வேலை. தேயிலைத் தொழிற்சாலையை எங்கள் ஆட்கள் ஸ்டோர் என்றுதான் சொல்வார்கள். அதன் மேல் மாடியில் பச்சைக் கொழுந்தைப் பரப்பி வாட்டுவது அவர் பொறுப்பு. அங்கே ஓடுகிற காற்றாடிகளின் இரைச்சலில் ஒருவர் பேசுவது அடுத்தவர் காதில் விழாது. அதனால் அவரிடம் யாரும் எதைப் பற்றியும் கருத்துக் கேட்டதில்லை. கோயில் கமிட்டிக் கூட்டத்துக்குப் போனால் கதவோரமாக நிற்பார். பிளேன்டீ கொடுக்கிற நேரம் வந்ததும் தட்டை வாங்கி எல்லோருக்கும் கொடுத்துவிட்டு, மீந்ததைத் தான் குடித்துவிட்டு வருவார். மனைவி நாகலெட்சுமி மலையில் கொழுந்து எடுக்கிறவள். ஒரே மகள் தனுஷிகா.

தனுஷிகா படிப்பில் கெட்டி. பல்கலைக்கழகத்துக்குப் போகிற உயர்தரப் பரீட்சைக்கு உயிரியல் பிரிவு எடுத்தாள். முதல் தடவை எழுதியபோது சரிவரவில்லை. இரண்டாம் தடவை ரெண்டு ஏ, ஒரு பி. மாவட்ட நிலையும் முன்வரிசையில் வந்தது. போன வருசம் இதே நிலையில் இருந்த பிள்ளைக்கு மருத்துவ பீடம் கிடைத்திருந்தது. அது போதாதா? மூங்கிலோடைக்குத் தலைகால் புரியவில்லை.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். இந்த நாட்டில் பரீட்சை முடிவு வருவது ஒரு நாள், எந்தப் பிள்ளைக்கு எந்தப் படிப்பு என்று வருவது வேறொரு நாள். வெட்டுப்புள்ளி என்று ஒன்றைப் போடுவார்கள். மருத்துவ பீடத்துக்கு இந்த மாவட்டத்தில் இத்தனை புள்ளி, அதற்குக் கீழே வந்தவர்கள் வேறு படிப்பு பார்த்துக்கொள்ளுங்கள் என்று அர்த்தம். அதைப் போட மாதக்கணக்கில் ஆகும். மற்ற ஊர்களில் அந்த இடைவெளியில் பிள்ளைகள் இங்கிலீஷ் படிக்கும், கம்ப்யூட்டர் படிக்கும். எங்கள் தோட்டங்களில் அந்த இடைவெளியில் பாராட்டு விழா நடக்கும். வெட்டுப்புள்ளி வரும்வரை காத்திருக்கலாம்தான். காத்திருந்தால் பக்கத்துத் தோட்டம் முந்திக்கொள்ளுமே.

விழாவைக் கையில் எடுத்தவர் தோட்டத் தலைவர் அழகுமுத்து. தொழிற்சங்கத்து ஆள். மைக்கைக் கண்டால் விடமாட்டார். அட்டனில் உயிரியல் வகுப்பு நடத்துகிற வாத்தியார் மதுரன் சேரும் வந்திருந்தார். தப்பு அடித்து, தனுஷிகாவை தொழிலாளர் வரிசைவீடான லயத்து வாசலில் இருந்து கோயில் வரை ஊர்வலமாகக் கூட்டிப் போனார்கள். அவளுக்கு ஒரு பொன்னாடை, நல்லமுத்துவுக்கு ஒரு பொன்னாடை, தலைவருக்கு இரண்டு. ரோட்டு வளைவில் பெரிய பெனர் கட்டினார்கள். "எமது தோட்டத்தின் முதல் வைத்தியர்" என்று எழுதி, நடுவில் தலைவர் படம் போட்டிருந்தது. தனுஷிகா ஓரத்தில் இருந்தாள்.

அவளைப் பேசச் சொன்னார்கள். "எல்லாருக்கும் நன்றி. ஆனா இன்னும் வெட்டுப்புள்ளி வரல்ல, அதனால…" என்று தொடங்கினாள். தலைவர் சிரித்தபடி மைக்கை வாங்கிக்கொண்டார். "பாத்தீங்களா, என்னா அடக்கம்! இந்த அடக்கந்தான் டொக்டருக்குத் தேவை!" என்றார். கைதட்டல் நிற்கவே இல்லை. அத்தோடு அவள் பேச்சு முடிந்தது.

அந்த வருசத் திருவிழாவில் மாரியம்மன் கோயிலில் மரியாதைத் தட்டாகக் காளாஞ்சி கொடுக்கும்போது ஐயர் முதலில் தலைவர் பேரைக் கூப்பிட்டார். அடுத்தது வழக்கமாகக் கணக்கப்பிள்ளை. அந்த வருசம் "டொக்டரோட அப்பா" என்று கூப்பிட்டார். நல்லமுத்து ஒரு நிமிசம் யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று பின்னால் திரும்பிப் பார்த்தார். பிறகு வேட்டியைச் சரிசெய்துகொண்டு முன்னால் போனார். தேங்காயும் பழமும் இருந்த தட்டை இரண்டு கையாலும் வாங்கியபோது அவருக்குக் கண் கலங்கிவிட்டது. அதைக் குறைசொல்ல முடியாது. ஐம்பது வயதுவரை ஒரு மனிதனைக் கதவோரம் நிறுத்தியே வைத்திருந்தால், நடுவில் கூப்பிட்டதும் கண் கலங்கத்தான் செய்யும். அதற்குப் பிறகு அவர் ஆடிய ஆட்டத்தைத்தான் மன்னிக்க முடியாது.

வெற்றிலையை விட்டார். டொக்டர் அப்பா வாய் சிவந்து நிற்கக்கூடாதாம். பஸ்ஸில் முன் சீட்டு காலியாக இல்லாவிட்டால் அடுத்த பஸ்ஸுக்கு நின்றார். ஸ்டோரில் கூட வேலைசெய்கிறவன் தலைசுற்றுகிறது என்றால் நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்து, "பிரசர்தான். உப்பக் கொறைங்க" என்றார். பழனியாண்டி என்கிற கங்காணி தனக்கு வயிற்று வலி வந்தபோது இவர் சொன்னதைக் கேட்டு மூன்று நாள் கஞ்சி குடித்தார். பிறகு பார்த்தால் அது கல்லு. டவுன் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். "நான் அப்பவே சந்தேகப்பட்டேன்" என்று நல்லமுத்து சொன்னாரே தவிர, வெட்கப்படவில்லை. கோயில் கமிட்டியில் இப்போது அவருக்கு நாற்காலி. பிளேன்டீ தட்டை வேறு யாரோ தூக்கினார்கள்.

வீட்டு வாசலில் ஆட்கள் கிளினிக் கார்டோடு வந்து நிற்பார்கள். "டொக்டர் பாப்பா, இந்த வெள்ளக் குளுச சாப்பாட்டுக்கு முந்தியா பிந்தியா?" தனுஷிகா கார்டைப் படித்துச் சொல்லிவிட்டு, "நான் டொக்டர் இல்லீங்க" என்பாள். "ஆகப்போறீங்கதானே" என்று சிரித்துக்கொண்டு போவார்கள். அவர்கள் போனதும் அவள் வெட்டுப்புள்ளி வந்துவிட்டதா என்று போனை எடுத்துப் பார்ப்பாள்.

அப்புறம் வெட்டுப்புள்ளி வந்தது. தனுஷிகாவுக்கு மருத்துவம் இல்லை. கோட்டுக்குக் கீழே மயிரிழையில் நின்றிருந்தாள். கிடைத்தது இயன்மருத்துவம். பிசியோதெரபி என்றால் கொஞ்சம் பேருக்குப் புரியும். பேராதனையில் நாலு வருசப் பட்டப்படிப்பு. விண்ணப்பத்தில் மருத்துவத்துக்கு அடுத்தபடியாக அவளே விரும்பிப் போட்டதுதான். அதை யாரும் கேட்டதில்லை, அவளும் சொன்னதில்லை.

"பிசியோன்னா என்னாம்மா?" என்று கேட்டார் நல்லமுத்து.

"கை கால் வராம போனவங்க, எலும்பு முறிஞ்சவங்க, இடுப்பு வலி, தோள் வலி… அவங்கள எல்லாம் மறுபடி நடக்க வைக்கிறது, கைய அசைய வைக்கிறதுப்பா. ஆஸ்பத்திரியிலதான் வேல."

நல்லமுத்து யோசித்தார். முகம் கறுத்தது. "அப்ப, அமுக்கி விடுறது."

காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கிற பெரட்டுக்குப் போகிறபோதே முதுகைப் பிடித்துக்கொண்டு போகிற தோட்டம் இது. முப்பது வயதில் முழங்கால் தேய்ந்து, நாற்பதில் தோள் இறுகி, ஐம்பதில் குனிந்தே நடக்கிற பெண்கள் லயத்துக்கு லயம் இருக்கிறார்கள். இந்தத் தோட்டத்துக்கு ஒரு படிப்பைக் கடவுளே பார்த்து அனுப்பினால்கூட இதைத்தான் அனுப்பியிருப்பார். அதற்கு எங்கள் ஆட்கள் வைத்த பேர், அமுக்கி விடுறது.

நல்லமுத்து உடனே ஒரு பொய்யைக் கண்டுபிடித்தார். "புள்ளைக்குக் கெடைச்சிருச்சி. கெம்பஸ் தொறக்கத்தான் லேட்டாகுமாம்" என்று எல்லோரிடமும் சொன்னார். ஒருவர்கூடச் சந்தேகப்படவில்லை. இந்த நாட்டில் கெம்பஸ் நேரத்துக்குத் திறக்கிறது என்று சொல்லியிருந்தால்தான் சந்தேகப்பட்டிருப்பார்கள். அவர் சொன்ன பொய்க்கு நாடே சாட்சி சொன்னது.

ஆனால் தலைவரிடமும் மதுரன் சேரிடமும் மறைக்க முடியவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை இருவரும் லயத்துக்கு வந்து சேர்ந்தார்கள். அவர்கள் குடியிருக்கிற காம்பரா அறையில் இருந்த இரண்டு நாற்காலியில் அவர்கள் உட்கார, நல்லமுத்து கட்டிலில் உட்கார்ந்தார். நாகலெட்சுமி டீக் கோப்பைகளை ஒவ்வொன்றாக இடது கையால் கொண்டுவந்து வைத்தாள். வலது தோள் இறுகிப்போய் மாதங்களாகிறது. கொழுந்தைப் பறித்துத் தலைக்கு மேலால் கூடையில் போட்டுப் போட்டு வந்த வினை. கை நெஞ்சு மட்டத்துக்கு மேலே ஏறாது. தலைமுடியைக்கூட மகள்தான் முடிந்துவிடுகிறாள். கோப்பை ஏன் ஒவ்வொன்றாக வருகிறது என்று அங்கே யாரும் கவனிக்கவில்லை. அவர்கள் பெரிய விசயம் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"தேர்ட் ஷை இருக்குத்தானே" என்றார் தலைவர். மூன்றாம் தடவை எழுதுவதை அப்படித்தான் சொல்வார்கள். "எழுதட்டும். மே தின மேடையில நான் சொல்லியாச்சி. எங்க தோட்டத்துல ஒரு டொக்டர்னு. இப்ப அமுக்கி விடுற படிப்புன்னு நான் எந்த வாயால சொல்றது?"

"கட்டாயம் எழுதணும்" என்றார் மதுரன் சேர். அவருடைய வகுப்பு நோட்டீசில் தனுஷிகா படம் போட்டு, 'எமது வெற்றி' என்று அட்டன் முழுக்க ஒட்டியாகிவிட்டது. "அடுத்த தடவ நான் தனியாவே பாத்துக்கிறேன். புள்ளைக்கு தாவரவியல்லதான் கொஞ்சம் பலவீனம்."

சுற்றிலும் கண்ணுக்கு எட்டியவரை தாவரத்தைத் தவிர வேறு எதுவும் இல்லாத இடத்தில் இருந்துகொண்டு அதைச் சொன்னார். பரவாயில்லை.

"இல்ல சேர், யாழ்ப்பாணத்துல ஆஸ்டல்ல சேத்துருவோம்" என்றார் தலைவர். "அங்க வெறித்தனமா படிப்பாங்க."

"அங்க போனா புள்ள தனிச்சிப் போயிரும். என்னோட வகுப்பு என்னா கொறைஞ்சிருச்சி?"

"ஒங்க வகுப்புல படிச்சித்தானே சேர் இப்பிடி ஆச்சி."

சேருக்குச் சுருக்கென்றது. டீயை வைத்துவிட்டார். சண்டை மூளுமோ என்று பயந்த நல்லமுத்து நடுவில் புகுந்து, "நான் அம்மனுக்கு நேந்துக்கிட்டேன். கெடைச்சா தீ மிதிக்கிறதுன்னு" என்றார். நேர்ந்துகொண்டது அவர். மிதிக்க வேண்டியது மகள் என்று விசாரித்தபோதுதான் தெரிந்தது.

இப்படி எப்படி எழுதுவது, எங்கிருந்து எழுதுவது, யாரிடம் படிப்பது, எந்தச் சாமிக்கு நேர்த்தி வைப்பது என்று எல்லாம் பேசினார்கள். எழுதுவதா வேண்டாமா என்பதை மட்டும் யாரும் பேசவில்லை. எழுத வேண்டியவள் கதவு நிலையில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தாள். சேர் கடைசியாக அவளைப் பார்த்து, "என்னா தனுஷிகா, பயமா இருக்கா?" என்றார்.

"பயம் இல்ல சேர். எனக்கு அந்தப் படிப்பு புடிச்சிருக்கு" என்றாள்.

மூவரும் அவளைப் பார்த்தார்கள். ஏதோ சின்னப்பிள்ளை மண் தின்ன ஆசைப்பட்ட மாதிரி தலைவர் அன்போடு சிரித்தார். "படிச்சிப் படிச்சி அலுத்துப் போயிருக்கு புள்ள. ஒரு மாசம் ஓய்வு குடுங்க, சரியாப் போயிரும்" என்று சொல்லிவிட்டு எழுந்தார்.

அவர்கள் போனதும் அவள் அப்பா முன்னால் வந்து உட்கார்ந்தாள்.

"இங்க பாருங்கப்பா. பரீட்சையில நான் எழுதுறது மட்டும் கணக்கில்ல. மத்தவங்க எப்பிடி எழுதுறாங்கங்கிறதயும் வச்சித்தான் புள்ளி போடுவாங்க. அடுத்த தடவ இத விட நல்லா எழுதினாலும் கீழ போகலாம். இப்ப கெடைச்ச இடத்த விட்டா விட்டதுதான், திருப்பித் தர மாட்டாங்க. அதில சேந்துட்டா, பொறகு மூனு ஏ எடுத்தாலும் மருத்துவத்துக்குக் கூப்பிட மாட்டாங்க. ரெண்டுல ஒன்னுதான்."

"அதான் எழுதுன்னு சொல்றோம்."

"சரி. எழுதுறேன். ஆனா நான் ஏன் எழுதணும்னு ஒரு காரணம் சொல்லுங்க. தலைவருக்காக வேணாம், சேருக்காக வேணாம். எனக்காக ஒரு காரணம். வெள்ளிக்கெழமையோட பதிவு முடியுது. அதனால புதன்கெழமைக்குள்ள சொல்லிருங்க."

இதென்ன பெரிய வேலை என்றுதான் நல்லமுத்து முதலில் நினைத்தார். காரணத்துக்கா பஞ்சம்? திங்கட்கிழமை காற்றாடி இரைச்சலில் கொழுந்தைப் புரட்டிக்கொண்டே யோசித்தார். 'டொக்டர்னா மரியாதை.' நல்ல காரணம். ஆனால் யாருக்கு மரியாதை என்று அவள் திருப்பிக் கேட்பாளே. மனதுக்குள் தேடிப் பார்த்தார். காளாஞ்சித் தட்டுத்தான் வந்து நின்றது. அதை அப்படியே தள்ளி வைத்தார்.

செவ்வாய்க்கிழமை தலைவரிடம் போய்க் கேட்டார். "சமூகம்னு ஒன்னு இருக்குல்ல" என்றார் தலைவர். அது அவளுக்கான காரணம் இல்லையே என்று நல்லமுத்து இழுத்தார். "நாளைக்கு நமக்கு ஏலாம வந்தா நம்ம புள்ளயே பாக்குமே" என்றார் தலைவர். அதுவும் அவருக்கான காரணந்தான். போனில் மதுரன் சேரைப் பிடித்தார். சேர், "மருத்துவம் ஒரு புனிதமான தொழில்" என்று ஆரம்பித்து வெகுநேரம் பேசினார். பேசி முடித்ததும், நோட்டீசை இப்போதைக்குக் கிழிக்க வேண்டாம் என்று சொன்னார். புதன்கிழமை நல்லமுத்து சோற்றைப் பிசைந்துகொண்டே மகளைப் பார்த்தார். இந்தப் பிள்ளைக்கு என்ன பிடிக்கும், என்ன பிடிக்காது என்று யோசித்தார். மீன் டின் பிடிக்கும் என்று ஞாபகம் வந்தது. அதற்கு மேல் ஒன்றும் வரவில்லை. மகள் சாப்பிட்டு முடிக்கும்வரை நிமிர்ந்து பார்க்கவில்லை. காத்திருக்கிறாள் என்று அவருக்குத் தெரிந்தது. எழுந்து கை கழுவினார்.

வியாழக்கிழமை நாகலெட்சுமிக்குக் கிளினிக் நாள். தனியாகப் போகிறவள்தான். பஸ்ஸில் மேல் கம்பியைப் பிடிக்க முடியாமல் போன தடவை விழப்பார்த்ததால், இந்தத் தடவை அவரையும் வரச் சொன்னாள். டவுன் ஆஸ்பத்திரியில் விடிந்ததிலிருந்து வரிசை. நல்லமுத்து தெரிந்தவர்களிடம் எல்லாம், "நம்ம மகளும் இங்கதான் வருவா, இன்னும் கொஞ்ச வருசம்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். முறை வந்து உள்ளே போனால், டொக்டர் நிமிரவே இல்லை. கார்டைப் பார்த்தார், "கைய தூக்குங்க" என்றார், அவள் நெஞ்சுவரை தூக்கினாள், ஏதோ எழுதி நீட்டினார். அடுத்த ஆள் உள்ளே வந்தாகிவிட்டது. அந்தத் துண்டுச் சீட்டைப் பார்த்த நர்ஸ், வராண்டாக் கடைசியில் இருக்கிற அறையைக் காட்டினாள். கதவில் பிசியோதெரபி என்று எழுதியிருந்தது.

நல்லமுத்துவுக்கு உள்ளே போகவே மனமில்லை. ஆனாலும் போனார். சின்ன அறை. கட்டில், சுவரில் ஒரு கப்பி, கயிறு. சிங்களப் பெண் ஒருத்தி, தனுஷிகாவை விட நாலைந்து வயது கூட இருக்கும். நாகலெட்சுமியைப் படுக்கவைத்து, வலது கையை இரண்டு கையாலும் ஏந்திப் பிடித்துக்கொண்டாள். கொச்சைத் தமிழில், "அம்மா, வலி வந்தா சொல்லுங்க, பயம் வேணாம்" என்றாள். கொஞ்சம் கொஞ்சமாக அந்தக் கையை நகர்த்தத் தொடங்கினாள். நெற்றி வேர்த்தது அவளுக்கு. நாகலெட்சுமி பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தாள்.

அந்த நேரத்தில்தான் கதவைத் தட்டிக்கொண்டு ஒரு கிழவர் எட்டிப் பார்த்தார். "டொக்டர் மிஸ், நான் வரலாமா?" என்றார் சிங்களத்தில். பின்னால் இன்னொரு தமிழ்ப் பெண், "டொக்டர் மிஸ், எனக்கு எப்பங்க?" என்றாள். நல்லமுத்து நிமிர்ந்தார். கதவுக்கு வெளியே போய் வரிசையில் நின்றவர்களிடம் விசாரித்தார். "உள்ள இருக்கிறவங்கள என்னான்னு கூப்பிடுறது?" "டொக்டர் மிஸ்னுதான்." "எல்லாருமா?" "வேற என்னான்னு கூப்பிடுறது?" நம்பிக்கை வராமல் இன்னும் ரெண்டு பேரிடம் கேட்டார். எல்லோரும் அதையே சொன்னார்கள். அவர் அறைக்குள் திரும்பி வந்து சுவரோரம் நின்றார். கண் கட்டிலைப் பார்த்தபடி இருந்தது. மனம் மூங்கிலோடையில் இருந்தது. வராண்டாவில் யாராவது மறுபடி அப்படிக் கூப்பிடுகிறார்களா என்று காதை மட்டும் அங்கே வைத்திருந்தார்.

பஸ்ஸில் வரும்போது நாகலெட்சுமி, "என்னாங்க, பாத்தீங்களா?" என்று கேட்டாள். "பாத்தேன் பாத்தேன். எல்லாரும் டொக்டர்னுதான் கூப்பிடுறாங்க" என்றார். அவள் அவரை ஒரு தரம் பார்த்தாள். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

தோட்டத்தில் இறங்கியதும் அவளை வீட்டுக்கு அனுப்பிவிட்டு நேரே தலைவர் வீட்டுக்கு ஓடினார். விசயத்தைச் சொன்னார். தலைவர் இரண்டு தரம் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொண்டார்.

"பொதுசனம் அப்பிடித்தான் கூப்பிடுதா?"

"என் ரெண்டு காதால கேட்டேன் தலைவரே. சிங்களவங்களும் அப்பிடித்தான்."

"அப்ப பெரச்சினையே இல்லியே! இத மொதல்லயே சொல்லியிருந்தா நான் ஞாயித்துக்கெழம அவ்வளவு தூரம் பேசியிருக்க மாட்டேனே. போகட்டும், புள்ள தாராளமா போகட்டும்." அங்கிருந்தே மதுரன் சேருக்குப் போன் போட்டார்கள். சேருக்கும் சந்தோசம். நோட்டீசில் ஒரு சொல்லைக்கூட மாற்ற வேண்டாமாம். ஞாயிற்றுக்கிழமை முழுக்க மூன்று ஆண்கள் மண்டையை உடைத்துக்கொண்ட ஒரு பிள்ளையின் எதிர்காலம், டீ ஆறுவதற்குள் தீர்ந்துவிட்டது.

நல்லமுத்து காற்றில் மிதந்துகொண்டு வீட்டுக்கு வந்தார். தனுஷிகா வாசல்படியில் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மாடி, நீ எழுத வேணாம். அந்தப் படிப்புக்கே போ! அப்பா சம்மதம். தலைவரும் சம்மதம். அங்க அந்த மிஸ்ஸ என்னான்னு கூப்பிடுறாங்க தெரியுமா? டொக்டர்! எல்லாரும்!"

அவள் போனை மடியில் வைத்தாள். "அம்மாவோட கை எவ்வளவு தூரம் தூக்கினாங்கப்பா?"

"என்னா?"

"அம்மா கை. பிசியோ ரூம்ல. எது வரைக்கும் போச்சி?"

நல்லமுத்து வாயைத் திறந்தார். நெஞ்சு வரைக்குமா? தோள் வரைக்குமா? யோசித்துப் பார்த்தார். கட்டில் ஞாபகம் வந்தது, கப்பி ஞாபகம் வந்தது, அந்த மிஸ்ஸின் நெற்றி வேர்வைகூட ஞாபகம் வந்தது. கை மட்டும் வரவில்லை.

"கூட்டமா இருந்திச்சி" என்றார்.

"நீங்க உள்ளதான நின்னீங்க?"

"நின்னேன்."

அவள் தலையை ஆட்டினாள். கோபம் இல்லை. கோபமாக இருந்திருந்தால் அவருக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"நான் காலையிலயே பதிஞ்சிட்டேன்ப்பா. நீங்க பஸ் ஏறினதும்."

"எங்கிட்ட கேக்காமயா?"

"ஞாயித்துக்கெழமயே கேட்டேனே. ஒரே ஒரு காரணம், எனக்காகன்னு. நீங்க சொல்லியிருந்தா உண்மையாவே எழுதியிருப்பேன். நேத்து சோறு திங்கிறப்ப ஏதாச்சும் சொல்வீங்கன்னு காத்துக்கிட்டே இருந்தேன். கை கழுவப் போயிட்டீங்க."

நல்லமுத்து நின்றார். அவருக்கு வெட்கமாக இருந்தது. பழனியாண்டியின் வயிற்றில் கல்லு வந்தபோதுகூட வராத வெட்கம். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார். அடுப்படியில் நாகலெட்சுமி குந்தி உட்கார்ந்து ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தாள். அவர் பக்கத்தில் போய் நின்று, தொண்டையைச் செருமிக்கொண்டு, "எங்க, அந்தக் கையக் கொஞ்சம் தூக்கு பாப்போம்" என்றார்.

அவள் திரும்பவில்லை.

"வந்ததும் கேட்டவளுக்குக் காட்டியாச்சி" என்றாள். "தள்ளி நில்லுங்க, ரொட்டி கருகுது."